காகிதக் கவசம் – 14: ஈரம் புகுந்த வீடு

விடிந்ததிலிருந்து மழை விடவில்லை. குஜராத்தின் வாப்பியில் மழை பெய்தால் மண்வாசனை வருவதில்லை. தொழிற்பேட்டைப் பக்கமிருந்து ஏதோ ஒரு ரசாயன நெடி ஈரத்தோடு சேர்ந்து இறங்கி, உலர்த்திய துணியில்கூட உட்கார்ந்துகொள்ளும். வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் கேத்கி ஜன்னல்களை எல்லாம் அடைத்து வைப்பாள். இப்போது பழகிவிட்டது.

இன்றைக்கு மறுபடியும் அடைத்தாள். வீட்டில் விசேஷம். நாத்தனார் ஃபால்குனிக்கு கோள்-தாணா. இரண்டு குடும்பமும் வெல்லத்தையும் கொத்தமல்லி விதையையும் ஒருவர் வாயில் ஒருவர் போட்டுவிட்டால் நிச்சயம் முடிந்த மாதிரி. ஆஷாட மாதத்து வளர்பிறை துவிதியை, நல்ல நாள். இதை விட்டால் சாமியெல்லாம் தூங்கப் போய்விடும், தீபாவளி கழித்துத்தான் அடுத்த முகூர்த்தம்.

கூடம் முழுக்கச் சாமந்தி. மாமனார் ஜஸுபாய் ஊஞ்சலில் உட்கார்ந்தபடியே அதிகாரம் செய்துகொண்டிருந்தார்.

"அந்த விருதை எடுத்து நடுவுல வைப்பா. பிள்ளையாருக்குப் பக்கத்துல. வர்றவங்க கண்ணுல மொதல்ல அதான் படணும்."

"பிள்ளையாருக்குக் கோபம் வரப் போகுது பப்பா," என்றாள் கேத்கி.

"ஏன் வரும்? அவரும் பச்சைக் கட்சிதான். வருஷா வருஷம் தண்ணியில கரையறார் இல்ல?"

விருது கேத்கியுடையது, அவள் கண்டுபிடித்த காகித மாத்திரை அட்டைக்குக் கிடைத்தது. மாத்திரை அட்டை பார்க்கச் சின்னது. ஒரு பக்கம் பிளாஸ்டிக், ஒரு பக்கம் அலுமினியம். இரண்டையும் சூட்டில் ஒட்டிவிட்டால் பிறகு பிரம்மாவே வந்தாலும் பிரிக்க முடியாது. மாத்திரை தீர்ந்ததும் குப்பை. தமன்கங்கா ஆற்றங்கரையில் அந்தக் குப்பை மலையாகக் குவிந்து புகைந்ததைப் பார்த்த நாளிலிருந்துதான் கேத்கி காகித அட்டையைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தாள். ஆலைத் தண்ணீரில் போட்டால் கூழாகி, மறுபடி காகிதமாகிற அட்டை. ஒரே சங்கடம், உள்ளே பூசுகிற பூச்சு. கனமாகப் பூசினால் கூழாகாது, மெலிதாகப் பூசினால் ஈரம் புகும். மெலிதாகத்தான் பூசினாள். சாதாரணக் காய்ச்சல் மாத்திரைக்கு அது தாராளம். வலிப்பு மாத்திரை போல ஈரத்தைக் கண்டால் உறிஞ்சுகிற மாத்திரைகளுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம் என்று அவள் சொன்னதும், அட்டைத் தொழிலைப் பார்த்துக்கொள்ளும் கணவன் மௌலிக் அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்ததும் நினைவிருக்கும்.

அந்த அட்டையை மொத்தமாக வாங்குகிறவர் கிரீட்பாய். சில்வாஸா சாலையில் அவருடைய மருந்துக் கம்பெனி. அட்டை வாங்க வந்தவர் பெண்ணையும் பார்த்தார். தன் மகன் தைவத்துக்குக் கேட்டார். ஜஸுபாய்க்குத் தலைகால் புரியவில்லை.

ஃபால்குனிக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே வலிப்பு நோய் உண்டு என்பதையும், மாத்திரையின் தயவில்தான் பல வருஷமாக அது தலைகாட்டவில்லை என்பதையும் மட்டும் யாரும் கிரீட்பாய் வீட்டில் சொல்லவில்லை.

கேத்கி மாடியேறிப் போனபோது ஃபால்குனி கண்ணாடி முன்னால் உட்கார்ந்து மை தீட்டிக்கொண்டிருந்தாள். குங்குமப்பூ நிறப் பட்டுப்புடவை, முந்தானை முன்பக்கமாக வலத்தோளில். கல்யாணப் பெண் மாதிரியே இருந்தாள்.

"என்ன பாபி, நீங்க இன்னும் நைட்டியில நிக்கறீங்க? எங்க மாமனார் உங்களைத்தான் பார்க்க வர்றார். என்னை இல்ல."

"வாயைப் பாரு. இன்னும் ஆகவே இல்ல, அதுக்குள்ள எங்க மாமனாராம்."

ஃபால்குனி சிரித்தாள். சிரித்தபடியே வலது கையை உயர்த்தினாள். கை வெடுக்கென்று துள்ளியது. யாரோ முழங்கையைத் தட்டிவிட்ட மாதிரி. மைக்கோல் கன்னத்தில் காதுவரை ஒரு கறுப்புக் கோடு இழுத்துவிட்டுத் தரையில் விழுந்து உருண்டது.

கேத்கி குனிந்து அதை எடுத்தாள்.

"கை வழுக்கிடுச்சு," என்றாள் ஃபால்குனி.

"எத்தனை நாளா இப்படி வழுக்குது?"

"சும்மா இருங்க பாபி. தூக்கம் இல்ல. இன்னிக்குன்னு பயம்."

"ஃபால்கு."

அந்த ஒரு அழைப்பில் அவள் முகம் மாறியது. "கொஞ்ச நாளா. காலையில மட்டும். போன வாரம் டீக் கோப்பை போச்சு, மம்மி பூனைன்னு நினைச்சாங்க."

"மாத்திரை விட்டுட்டியா?"

"ஒரு வேளைகூட விடல. உங்க மேல சத்தியமா."

"எடு பார்க்கலாம்."

அலமாரியில் புடவைகளுக்குப் பின்னால், பழைய பவுடர் டப்பாவுக்குள்ளிருந்து ஃபால்குனி ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். பழுப்பு வெள்ளைக் காகிதம், மூலையில் ஒரு சின்னப் பச்சை இலை. கேத்கிக்கு அந்த இலை தெரியும். அதை வரைந்ததே அவள்தான்.

அவள் அந்த இலையையே பார்ப்பதை ஃபால்குனி வேறு மாதிரி புரிந்துகொண்டாள்.

"உங்களுக்கு ஆச்சரியம் குடுக்கலாம்னு இருந்தேன். போன தடவை மம்மி வாங்கிட்டு வந்தப்போ புது அட்டை. பார்த்தா நம்ம இலை! எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா. என் அண்ணி பண்ணினதுன்னு கடை வாசல்ல நின்னு கத்தணும்போல இருந்துச்சு. யார்கிட்ட சொல்றது? ஊருக்குத் தெரிஞ்சு எனக்கு இந்த மாத்திரையே கிடையாதே."

கேத்கி ஒரு மாத்திரையைப் பின்பக்கத்திலிருந்து அழுத்தினாள். நல்ல மாத்திரையென்றால் காகிதம் டக்கென்று கிழிந்து, உள்ளே இருப்பது கல்லு மாதிரி உள்ளங்கையில் விழ வேண்டும். இது விழவில்லை. விரல் உள்ளே அமுங்கியது. கிழித்துப் பார்த்தாள். மேல்தோல் வெடித்து, உள்ளே இருந்தது ஊறவைத்த கடலை மாவு போல் பிசுபிசுவென்று காகிதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதையா சாப்பிட்டே?"

"கரண்டியால சுரண்டிச் சாப்பிடுவேன்," என்றாள் ஃபால்குனி, சின்னக் குரலில். "மழைக்காலம்ல. மொறுமொறுன்னு சுட்ட காக்ராகூட டப்பாவுல நமுத்துப் போகுது."

கேத்கி மற்ற அட்டைகளையும் டப்பாவோடு எடுத்துக்கொண்டாள்.

"பாபி, எங்க போறீங்க? பாபி, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இன்னிக்கு வேண்டாம்."

வாசலில் மௌலிக் நனைந்த சட்டையோடு பந்தல்காரர்களை விரட்டிக்கொண்டிருந்தான்.

"மௌலிக், இங்க வா."

"ரெண்டு நிமிஷம். தார்ப்பாய் ஒழுகுது."

"அதைவிடப் பெரிசா ஒண்ணு ஒழுகுது. வா."

காரின் மறைவில் நின்று அட்டையை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். இது என்ன என்று அவன் கேட்பான் என எதிர்பார்த்தாள். கேட்கவில்லை. பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

"வலிப்பு மாத்திரைக்கு எப்பலேர்ந்து அட்டை குடுக்கறே?"

"ஹோலிக்கு அப்புறம்."

"என் தலையில கை வெச்சியே, அப்போ?"

"அப்பவே மொத லோடு போயிருந்துச்சு."

மழை தார்ப்பாயின் மேல் சடசடத்தது. பந்தல்காரன் ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டான்.

"கிரீட் அங்கிள் கேட்டார், கேத்கி. எல்லா மாத்திரைக்கும் காகிதம்தான்னு வெளிநாட்டுக்காரங்ககிட்ட வாய் விட்டுட்டாராம். 'நம்ம வீட்டுப் பொண்ணு பண்ணின அட்டை நம்ம மாத்திரைக்கு ஆகாதா'ன்னார். நான் என்ன சொல்ல?"

"ஆகாதுன்னு சொல்லணும்."

"ஃபால்குவைப் பொண்ணு கேட்டு வந்த அன்னிக்கா? உனக்கு அந்த வார்த்தை வாயில வந்திருக்குமா?"

"டெஸ்ட்டாவது பண்ணினீங்களா? சூடும் ஈரமும் ஏத்தின அறையில மாசக்கணக்கா வெச்சுப் பார்க்கணும்னு உனக்குத் தெரியாதா?"

"அவர் பண்ணியிருப்பார்னு நான் நினைச்சேன். நான் பண்ணியிருப்பேன்னு அவர் நினைச்சிருப்பார். சம்பந்தி ஆகப் போறவர்கிட்ட போய் ரிப்போர்ட் காட்டுங்கன்னா கேக்க முடியும்?"

கேத்கி அவன் கையைப் பிடித்து விரித்து, கிழிந்த அட்டையை அதில் வைத்து மூடினாள். அந்தப் பிசுபிசுப்பு பட்டதும் அவன் கையை உதறினான்.

"உன் தங்கச்சி இதைக் கரண்டியால சுரண்டிச் சாப்பிட்டிருக்கா. கை துள்ளுது அவளுக்கு."

மௌலிக்கின் முகம் சுண்டிப்போனது. அவன் கெட்டவன் இல்லை. அதுதான் கேத்கிக்கு அப்போது தாங்க முடியாமல் இருந்தது. கெட்டவனாக இருந்திருந்தால் எப்போதோ கண்டுபிடித்திருப்பாள்.

"நாளைக்கு நிறுத்திடறேன்," என்றான். "சத்தம் இல்லாம. மெஷின்ல கோளாறுன்னு சொல்லி. இன்னிக்கு மட்டும் விடு."

"இன்னிக்கு ராத்திரி இதைப் போட்டுக்கறவங்க?"

"அப்ப போய்ச் சொல்லு. சபையில நின்னு சொல்லு. உனக்கெப்படி தெரியும்னு கேப்பார். உங்க வீட்ல யார் வலிப்பு மாத்திரை சாப்பிடறாங்கன்னு கேப்பார். என்ன சொல்வே?"

கேத்கி கார்ச் சாவியை அவன் பையிலிருந்து உருவிக்கொண்டாள்.

உள்ளே வந்து டாக்டருக்கு ஃபோன் செய்து, அவசரமாகப் புடவைக்கு மாறி, டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பியவளைச் சமையலறை வாசலில் மாமியார் தாராபென் வழிமறித்தார். கையில் பூரிக் கரண்டி. மேலே நடந்ததை ஃபால்குனி சொல்லியிருக்க வேண்டும்.

"டாக்டருக்கு ஃபோன் பண்ணினேன் மம்மி," என்றாள் கேத்கி. "வேற கம்பெனி மாத்திரை உடனே ஆரம்பிக்கச் சொல்றார். ஆனா அது ரத்தத்துல ஏற நாளாகும். அதுவரைக்கும் அவளைத் தனியா விடக் கூடாது. பதற்றம் கூடாது. இந்த விசேஷத்தைத் தள்ளி வெச்சா..."

"தள்ளி வெக்கறதா? ஆள் கிளம்பியாச்சு." தாராபென் குரலைத் தாழ்த்தினார். "பத்தாங்கிளாஸ் பரீட்சை ஹால்ல இழுத்துக்கிட்டு விழுந்தா அவ. அந்த வாரமே வல்சாட்ல தெருவே பேசிச்சு. எதுக்கு வீட்டை வித்துட்டு இங்க வந்தோம்னு நினைச்சே? உங்க மாமனாரோட தொழிலுக்கா?"

"அவளுக்கு ஏதாவது ஆனா?"

"ஆகாது. ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம் அந்த அம்பாள் கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டா போதும்." கரண்டியால் வாசலைக் காட்டினார். "நீ கடைக்குப் போறியா? போ. சீக்கிரம் வா. போறதை மூஞ்சியில காட்டாதே."

நெடுஞ்சாலைக்குக் கீழே போகும் பாதையில் முழங்கால் அளவு தண்ணீர். கேத்கி சுற்றிக்கொண்டு போய் மருந்துக்கடை வாசலில் இறங்கினாள். கடைக்காரர் பாவேஷ் ஈரக் குடைகளை ஓரமாகத் தள்ளி இடம் விட்டார்.

அவள் மாத்திரையின் பெயரைச் சொன்னாள். அவர் தட்டிலிருந்து எடுத்துப் போட்டது அதே பச்சை இலை.

"இது வேண்டாம். அலுமினியத்துல வர்ற வேற கம்பெனி."

பாவேஷ் அவளை நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்குமா?"

"எனக்குமான்னா?"

"நேத்து ஒரு அம்மா வந்து சண்டை. அட்டையைத் திறந்தா பேஸ்ட்டு மாதிரி இருக்குன்னு. நான்தான், மழைக்காலம்மா, கண்ணாடி டப்பாவுல போட்டு இறுக்கி மூடி வைங்கன்னு சொல்லி அனுப்பினேன். அவங்க பிள்ளை மில்லுல வேலை. நல்லா இருந்தவனுக்கு மறுபடி வர ஆரம்பிச்சிருக்காம். மெஷின் பக்கத்துல நிக்கிற வேலை வேற."

"ஏஜென்ட்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லாம? எடுத்துக் குறிச்சிக்கிட்டுப் போனான். எல்லாக் கடையிலயும் மழைக்கு இப்படித்தான், நீங்க பெரிசு பண்ணாதீங்கன்னான்." அவர் உள்ளே போய்த் தேடி ஒரு அலுமினிய அட்டை கொண்டுவந்தார். "இதுதான் கடைசி. எல்லாரும் புது அட்டைக்கு மாறிட்டாங்க. விலை கம்மி, பூமிக்கு நல்லதாம். யாரோ நம்ம ஊர்ப் பொண்ணுதான் கண்டுபிடிச்சதாம்."

கேத்கி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். காரில் உட்கார்ந்தும் சாவியைத் திருப்ப முடியவில்லை. கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மெஷின் பக்கத்தில் நிற்கிற, முகம் தெரியாத ஒரு பையன். அவனுடைய அம்மா இந்நேரம் கண்ணாடி டப்பாவை இறுக்கி மூடிக்கொண்டிருப்பாள்.

அவள் திரும்பியபோது கிரீட்பாயின் இரண்டு கார்களும் வாசலில் நின்றன.

கூடத்தில் சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. சேம்பிலைச் சுருளான பாத்ராவும் இனிப்புத் தயிரான ஸ்ரீகண்டும் தட்டுத் தட்டாகப் போய்க்கொண்டிருந்தன. கிரீட்பாய் வெள்ளை வெளேரென்ற குர்தாவில், ஜஸுபாயின் ஊஞ்சலிலேயே அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார். மனைவி ஸ்மிதாபென் ஃபால்குனியின் கையைத் தன் மடியில் வைத்திருந்தார். எதிரே தைவத், புதுச் செருப்பு கடித்த காலைத் தடவியபடி, ஃபால்குனியைப் பார்ப்பதும் பார்க்காத மாதிரி திரும்புவதுமாக இருந்தான்.

கேத்கி தண்ணீர் கொடுக்கிற சாக்கில் ஃபால்குனியின் உள்ளங்கையில் புது மாத்திரையை வைத்தாள். ஃபால்குனி இருமுவது போல் வாயை மூடி விழுங்கிவிட்டாள்.

"வாம்மா வா! உனக்காகத்தான் காத்திருக்கோம்," என்று கிரீட்பாய் குரல் கொடுத்தார். "ஜஸுபாய், உங்களுக்கு மருமக வாய்ச்ச மாதிரி எனக்கும் வாய்க்கணும்னுதான் இந்த வீட்டுப் படியே ஏறினேன். தீபாவளிக்குள்ள என் மாத்திரை அத்தனையும் இவ அட்டையில வந்துடும். ஒண்ணு பாக்கி இருக்காது. இருதய மாத்திரைகூட!"

கூடம் கைதட்டியது. ஜஸுபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேத்கி கணவனைத் தேடினாள். அவன் தூணோரம் நின்று, அவளைப் பார்த்து மிக லேசாகத் தலையசைத்தான். வேண்டாம்.

தாராபென் வெள்ளித் தட்டை ஃபால்குனியின் கையில் கொடுத்தார். நொறுக்கிய வெல்லமும் மல்லி விதையும். ஃபால்குனி எழுந்து நின்றாள். முதல் அடி வைத்தாள். அவள் கை துள்ளியது. தட்டு சாயவில்லை, ஆனால் ஒரு பிடி மல்லி விதை தெறித்து ஸ்மிதாபென்னின் புடவையில் கொட்டியது.

"அபசகுனம் ஒண்ணும் இல்ல," என்று தாராபென் அவசரமாகச் சிரித்தார். "பொண்ணுக்கு வெட்கம். கையெல்லாம் நடுங்குது பாருங்க."

"நான் எங்க நிச்சயத்துல தட்டையே போட்டுட்டேன்," என்று ஸ்மிதாபென்னும் சிரித்தார்.

கேத்கிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"அங்கிள், ஒரு விஷயம். வலிப்பு மாத்திரைக்கு என் அட்டை ஆகாது. உடனே நிறுத்தணும். கடைக்குப் போனதையும் திரும்ப வாங்கணும். இன்னிக்கே."

ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது.

"கேத்கி!" என்றார் ஜஸுபாய்.

"என்னம்மா இது, இந்த நேரத்துல தொழில் பேசிக்கிட்டு?" கிரீட்பாயின் சிரிப்பு மாறவில்லை. "யார் என்ன சொன்னாங்க?"

"கடையில பார்த்தேன். மாத்திரை நமுத்துப் போயிருக்கு. சாப்பிடறவங்களுக்கு மறுபடி நோய் வருது."

"மழைக்காலத்துல அப்பளம்கூடத்தான் நமுக்கும். அதுக்காக அப்பளக் கடையை மூடிடறதா?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "நமக்கு வேண்டாதவங்க கிளப்பி விடற கதைம்மா. நான் முப்பது வருஷமா பார்க்கறேன். சாப்பிட்டவங்க யாராவது உன் முன்னால வந்து நின்னாங்களா? ஒரு ஆள் காட்டு. ஒரே ஒரு ஆள்."

கேத்கி ஃபால்குனியைப் பார்த்தாள். மௌலிக் இதைத்தான் சொன்னான். பேசினால் ஃபால்குவின் வாழ்க்கை. பேசாவிட்டால் மில்லில் நிற்கிற அந்தப் பையன். தாராபென்னின் கண்கள் அவளைக் கெஞ்சின.

"அப்பாடா," என்று கிரீட்பாய் கைகளை விரித்தார். "யாரும் இல்ல பார்த்தியா? வாங்க, வெல்லத்தைச் சாப்பிடுவோம்."

"நான் இருக்கேன்," என்றாள் ஃபால்குனி.

தட்டை மெல்லக் கீழே வைத்தாள். கேத்கியின் கைப்பையைத் திறந்து, காலையில் கிழித்த அட்டைக்குத் துணையாய் இருந்த இன்னொன்றை எடுத்தாள். நேராக ஊஞ்சலுக்குப் போய் அதை கிரீட்பாயின் மடியில் வைத்தாள்.

"எனக்குச் சின்ன வயசிலேர்ந்து வலிப்பு இருக்கு. இந்த மாத்திரைதான் சாப்பிடறேன். உங்க மாத்திரை. நல்லாத்தான் இருந்தேன். இந்த அட்டை வந்தப்புறம் கை துள்ளுது. இப்போ மல்லி கொட்டினது வெட்கத்துல இல்ல." குரல் உடையவில்லை. "உங்ககிட்ட மறைச்சது தப்பு. அதுக்கு நீங்க எழுந்து போனாலும் எனக்கு வருத்தம் இல்ல. ஆனா அழுத்திப் பாருங்க. ஒண்ணை அழுத்திப் பார்த்துட்டுப் போங்க."

ஜஸுபாய் காலை ஊன்றி ஊஞ்சலை நிறுத்தினார். ஸ்மிதாபென் தன் மடியிலிருந்த விதைகளைத் தட்டிவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார். தாராபென் சுவரோடு சுவராகச் சாய்ந்துவிட்டார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கிரீட்பாயின் முகத்தையே பார்த்தார்கள். கத்துவார், ஏமாற்றிவிட்டீர்கள் என்பார், எழுந்து போவார் என்று காத்திருந்தார்கள்.

அவர் கத்தவில்லை. ஃபால்குனியைப் பார்க்கவுமில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அட்டையைத் திருப்பி, ஓரத்தில் அச்சிட்டிருந்த தயாரிப்புத் தொகுதி எண்ணைப் படித்தார்.

"இதுவும் அதே லாட்தானா," என்றார். தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி.

பக்கத்தில் நின்ற கேத்கிக்கு மட்டும் அது கேட்டது.

"இதுவுமா? அப்ப முன்னாடியே உங்களுக்குத் தெரியுமா, அங்கிள்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது."

"அப்பா," என்று தைவத் எழுந்தான். "போன மாசம் ஆஸ்பத்திரிலேர்ந்து ஒரு அம்மா அழுதுக்கிட்டே ஃபோன் பண்ணினாங்களே, நான்தானே எடுத்தேன். அது இந்த மாத்திரைக்குத்தானா? நீங்க பார்த்துக்கறேன்னு சொன்னீங்களே."

"உக்காருடா."

"அவங்க பொண்ணு என்ன ஆச்சுப்பா?"

"உக்காருன்னு சொன்னேன்!"

அதற்குப் பிறகு அவர் யாரையும் பார்க்கவில்லை. அட்டையை மடித்தார், குர்தாவின் உள்பையில் போட்டார், ஃபோனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். கேத்கி பின்னாலேயே ஓடினாள். பந்தலின் ஓரத்தில், மழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"கோடவுன்ல எவ்வளவு இருக்கு? ... பூராவும் இன்னிக்கே ஏத்திடு. ஆமா, அந்த அட்டைதான். இங்க எந்தக் கடைக்கும் போடாதே. தூரமா போகட்டும், பீகார்ப் பக்கம் அனுப்பு. லாரி கிளம்பினதும் எனக்குச் சொல்லு."

"அங்கிள்!"

அவர் திரும்பவில்லை. குடையை விரித்துக்கொண்டு கேட்டை நோக்கிப் போனார்.

அந்த நேரம் உள்ளே ஏதோ வெண்கலம் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து தாராபென்னின் அலறல்.

"ஃபால்கு! ஐயோ, ஃபால்கு!"

கேத்கி ஒரு கணம்தான் கேட்டைப் பார்த்தாள். பிறகு உள்ளே பாய்ந்தாள்.

ஃபால்குனி தரையில் கிடந்தாள். உடம்பு விறைத்து, பல் கிட்டித்து, வெல்லத்துக்கும் மல்லி விதைக்கும் நடுவே கை கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. சுற்றியிருந்தவர்கள் கூவினார்கள். செருப்பை மோந்து பார்க்கக் கொடு என்றார் ஒருவர். வெங்காயம் என்றார் இன்னொருவர். வாயில் கரண்டியைத் திணிக்கப் போன கையைக் கேத்கி தட்டிவிட்டாள்.

"வாயில எதையும் வைக்காதீங்க! தள்ளுங்க, காத்து வரட்டும். யாரும் பிடிச்சு அமுக்காதீங்க!"

தலை தரையில் மோதாமல் யாரோ தன் சால்வையைச் சுருட்டிக் கீழே வைத்தார்கள். நிமிர்ந்து பார்த்தாள். தைவத். அவன் முகம் வெளுத்திருந்தது. ஆனால் கை நடுங்கவில்லை.

"என்ன பண்ணணும்? சொல்லுங்க பாபி."

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. இழுப்பு நிக்கற வரைக்கும் மணியைப் பார்த்துக்கிட்டே இருங்க."

ஸ்மிதாபென் மகனைத் தோளைப் பிடித்து இழுத்தார். "எழுந்திரு தைவத். அப்பா போயிட்டார். எழுந்திருடா." அவன் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டு ஃபோனை எடுத்தான்.

மௌலிக் அப்போதுதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். தங்கையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். வாய் கோணியது. காலையில் அவன் கையை உதறியது கேத்கிக்கு ஞாபகம் வந்தது. அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை.

"மௌலிக், என்னைப் பாரு. இவளை நான் பார்த்துக்கறேன். உன் கிரீட் அங்கிள் கோடவுன்ல இருக்கறதை எல்லாம் லாரியில ஏத்தச் சொல்லிட்டார். பீகாருக்கு. அங்க இன்னும் எத்தனை ஃபால்குவோ. நீதான் குடுத்தே, நீதான் நிறுத்தணும். போ!"

அவன் அவளைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். ஊஞ்சலில் சரிந்து உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தான்.

"போய் அவர் கையில கால்ல விழு மௌலிக்," என்று ஜஸுபாய் முனகினார். "கோபத்துல போறார். எப்படியாவது திருப்பிக் கூட்டிட்டு வா."

மௌலிக் திரும்பி ஓடினான். பந்தலைத் தாண்டி, மழைக்குள், செருப்பு இல்லாத காலோடு.

அவன் யார் சொன்னதைக் கேட்டு ஓடுகிறான் என்று கேத்கிக்குத் தெரியவில்லை. கண் முன்னால் ஃபால்குனியின் உடம்பு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. கேட் பக்கம் கிரீட்பாயின் கார் ஒன்று கிளம்பும் சத்தம் கேட்டது. மௌலிக்கும் அதில் ஏறிவிட்டானா என்று அறிய, ஒரு கதவு மூடியதா, இரண்டு மூடினவா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். மழை எதையும் கேட்க விடவில்லை.